பழைய பைக்கில் டைமிங் செயின் டென்ஷனர்: கழற்றும் முன் கவனிக்க வேண்டியவையும் மாற்றும் முறையும்

கோத்தகிரியை அடுத்த அரவேனுவில் வசிக்கும் ஒருவர் 2006 மாடல் ஹோண்டா யூனிகார்ன் பைக் வைத்திருக்கிறார். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் என்ஜினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வருவதாகவும், சில நிமிடங்களில் அது தணிந்துவிடுவதாகவும், குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்ட கணத்தில் மறுபடி கேட்பதாகவும் எழுதியிருக்கிறார். டைமிங் செயின் டென்ஷனரை, அதாவது என்ஜினுக்குள் ஓடும் செயினைத் தொய்யாமல் தள்ளிப் பிடிக்கும் உறுப்பை, மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு மெக்கானிக்கும், என்ஜினை இறக்கி முழு வேலை செய்தாக வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்களாம். யார் சொல்வது சரி, டென்ஷனரை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பது அவருடைய கேள்வி.

வீட்டில் மாற்ற முடியும். மெக்கானிக்குகளைப் பொறுத்தவரை, இருவர் சொல்வதுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. செயின் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பதை, கழற்றி எடுத்த பழைய டென்ஷனர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதிலிருந்தே பெருமளவு தெரிந்துகொள்ளலாம். அந்த நீளத்தைப் பார்க்காமல் பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. சத்தம் சில வாரங்கள் நின்றுவிட்டு மறுபடி தொடங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்; அந்த இயக்கத்தைக் கீழிருந்து மேலே கொண்டுபோவது டைமிங் செயின். செயினின் ஒரு பக்கம், அதாவது கிராங்க் இழுக்கும் பக்கம், பொதுவாக விறைப்பாக இருக்கும். மறுபக்கம் தொய்வாகத் திரும்பிவரும். அந்தத் தொய்வான பக்கத்தில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூச்சு கொண்ட வளைந்த பட்டை ஒன்று செயினின் மீது சாய்ந்திருக்கும். சிலிண்டர் பிளாக்கின் பின்புறம், கார்புரேட்டருக்குக் கீழே, இரண்டு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும் சிறிய அலுமினிய உறுப்புதான் டென்ஷனர். அதன் முனை அந்தப் பட்டையைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்கிறது. யூனிகார்ன், 2003இல் வந்த கரிஸ்மா போன்ற வண்டிகளில் இதன் உள்ளே ஒரு முறுக்கு ஸ்பிரிங்கும் மரையிட்ட தண்டும் இருக்கின்றன. ஸ்பிரிங் தண்டைச் சுழற்றுகிறது, தண்டு சுழலச் சுழல முனை வெளியே வருகிறது. செயின் எதிர்த்துத் தள்ளினாலும் மரையின் சாய்வு முனையைப் பின்னுக்குப் போக விடுவதில்லை. செயின் தேயத் தேய முனை தானாகவே சிறிது சிறிதாக முன்னேறிக்கொண்டு போகும். ஆகவே இதற்கு ஓட்டுநர் அவ்வப்போது செய்ய வேண்டிய அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கிடையாது.

ஸ்பிரிங் சோர்ந்துபோனாலோ, மரை தேய்ந்தாலோ, உள்ளே பசைபோல் அழுக்கு படிந்து தண்டு இறுகிக்கொண்டாலோ முனை தன் இடத்தில் நிற்காது. அப்போது செயின் ஆடத் தொடங்கும். பட்டையையும், மோசமான நிலையில் செயின் ஓடும் குழாயின் சுவரையும் தட்டும். இயங்கும் வேகம் குறைவாக இருக்கும்போது இந்தத் தட்டல் தெளிவாகக் கேட்கும். ஐடிலிங்கில், நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றில், எரிபொருள் ஒவ்வொரு முறை வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும்போதும் கிராங்க் ஒரு கணம் வேகமெடுத்து மறுகணம் தளர்வதால் செயின் இறுகியும் தளர்ந்தும் அதிர்கிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போதும் இதே போன்ற நிலைதான். கிராங்க் விரைவாக வேகம் குறைய, கேம்ஷாஃப்ட் தன் வேகத்தில் தொடர்ந்து ஓடப் பார்க்கிறது. அதுவரை தொய்வாக இருந்த பக்கம் ஒரு கணம் இறுகி டென்ஷனரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நல்ல டென்ஷனர் அசையாமல் தாங்கிக்கொள்ளும், தேய்ந்தது பின்வாங்கிவிடும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது உங்களுக்குக் கேட்கும் சத்தம் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலரேட்டரை விட்டு, என்ஜின் பிடியில் இறங்கி, மறுபடி சிறிது கொடுத்து ஓட்டும் பாதை அது. சமவெளியில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியைவிட மலையில் ஓடும் வண்டியின் டென்ஷனர் இந்தத் தள்ளலை மிக அதிகமாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

காலைக் குளிரில் சத்தம் அதிகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பிளாக்கும் அதன் மேலுள்ள ஹெட்டும் அலுமினியம், செயின் எஃகு. ஒரு மீட்டர் நீள அலுமினியம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.023 மில்லிமீட்டர் விரியும், எஃகு அதில் பாதியளவுதான், சுமார் 0.012 மில்லிமீட்டர். கிராங்குக்கும் கேம்ஷாஃப்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், என்ஜின் நூறு டிகிரி சூடேறும்போது அந்த இடைவெளி செயினைவிடச் சுமார் 0.2 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. கேட்பதற்குச் சிறியதாக இருந்தாலும், செயினின் பக்கவாட்டுத் தொய்வில் இது பல மடங்காகத் தெரியும். சூடான என்ஜினில் செயின் இறுகுகிறது, குளிர்ந்த என்ஜினில் தளர்கிறது. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகாலையில் ஸ்டார்ட் செய்தால் இந்தத் தளர்வு சமவெளியில் இருப்பதைக் காட்டிலும் கூடுதலாகவே இருக்கும். எனவே சூடானதும் சத்தம் நின்றுவிடுகிறது என்பதற்காகக் கோளாறு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டென்ஷனர் செய்ய வேண்டிய வேலையை என்ஜினின் சூடு தற்காலிகமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாக் கடகடப்பும் டைமிங் செயினிலிருந்து வருவதில்லை என்பதால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சத்தத்தை அடையாளம் காண்பதில் நேரம் செலவிடுவது நல்லது. இரு ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100, யெஸ்டி ஆகியவற்றில் இந்தச் செயினே கிடையாது. புஷ்ராடு என்ற நீண்ட கம்பியால் வால்வைத் திறக்கும் பழைய புல்லட்டிலும் கிடையாது. அந்த வண்டிகளிலேயே கை பழகிய மெக்கானிக்குகள் சிலர் இந்தச் சத்தத்தை டேப்பெட் என்றோ பிஸ்டன் என்றோ முடிவு செய்துவிடுவதுண்டு. டேப்பெட் சத்தம், அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி கூடுவதால் வருவது, ஹெட்டிலிருந்து ஒரே சீராக, தட்டச்சுப் பொறிபோல டிக் டிக்கென்று வரும், என்ஜின் சூடானாலும் நிற்காது. அதை முதலில் சரிபார்த்துவிடுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அந்த இடைவெளியைப் பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் அது பெரும்பாலும் 0.05 முதல் 0.12 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் உங்கள் வண்டிக்கென்று குறித்த அளவைக் கையேட்டில் பார்த்தே வைக்க வேண்டும். கிளட்ச் லிவரைப் பிடித்ததும் சத்தம் மறைந்தால் கோளாறு கிளட்ச் பக்கம். பிஸ்டன் தேய்ந்த சத்தம் இன்னும் கனமாக, மந்தமாக இருக்கும். ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போது கூடும். டைமிங் செயினின் சத்தமோ சீரற்றது. ஐடிலிங்கிலும் அதற்குச் சற்று மேலேயும் கேட்டு, ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்தால் மறைந்து, விட்டால் திரும்பும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டென்ஷனரின் உடலில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் எங்கிருந்து வருகிறதென்று நன்றாகப் பிரித்தறியலாம். சுழலும் பாகங்களிலிருந்து விலகி, தளர்ந்த துணியோ துண்டோ தொங்காமல் பார்த்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

ஆயிலை வடிக்கும்போது வடிகட்டும் சல்லடையையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ ரப்பர், பிளாஸ்டிக் துணுக்குகள் அதில் இருந்தால் பட்டையின் பூச்சு உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படியானால் டென்ஷனரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

வேலைக்குத் தேவைப்படுபவை அதிகமில்லை. 8, 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் அல்லது சாக்கெட், கிராங்க்கைத் திருப்ப 14 அல்லது 17 மில்லிமீட்டர் சாக்கெட், பிளக் ஸ்பேனர், சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவர், புதிய டென்ஷனர், அதற்கான புதிய பேக்கிங், டென்ஷனரின் வால் ஸ்க்ரூவுக்கான புதிய ஓ ரிங் ஆகியவை போதும். பழைய பேக்கிங்கை மறுபடி பயன்படுத்தினால் ஆயில் கசியும். பிளாக்கின் பின்புறம் கசியும் ஆயிலில் மண்ணும் தூசியும் ஒட்டிக் கொண்டு, அடுத்த முறை கழற்றுவதற்குள் அந்த இடத்தை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். உதிரியை வாங்கும்போது கம்பெனி உதிரியையே வாங்குங்கள். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய வண்டிகளின் உதிரிகள் நிறையக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். கவர், கைப்பிடி போன்றவற்றுக்கு அது சரி. ஆனால் இன்னொரு வண்டியில் தேய்ந்துபோன டென்ஷனரைக் காசு கொடுத்து வாங்கி வருவதில் பொருளில்லை. புதியதையும் கடையிலேயே ஒரு தடவை சோதித்துவிடுங்கள். தட்டை ஸ்க்ரூடிரைவரால் தண்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் முனை உள்ளே போக வேண்டும், விட்டதும் எங்கும் சிக்காமல் தானாக வெளியே வர வேண்டும், வெளியே வந்த முனையை விரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது.

வேலையைத் தொடங்கும்போது என்ஜின் முழுவதும் ஆறியிருக்கட்டும். முதல் நாள் இரவே நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குவது உத்தமம். வண்டி சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில் நிற்க வேண்டும். நம் ஊர்களில் வாசலே சரிவாக இருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். டென்ஷனர் வெளியே இருக்கும் நேரத்தில் வண்டி கியரில் ஓர் அடி நகர்ந்தால்கூட கிராங்க் சுற்றிவிடும். அடுத்ததாக டென்ஷனரைச் சுற்றிலும் பிளாக்கின் இடுக்குகளிலும் படிந்த மண்ணை மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் கொண்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். அந்த ஓட்டை நேரே என்ஜினின் அடிவயிற்றுக்குள் திறப்பது, உள்ளே விழும் மண் நேரே ஆயிலுக்குப் போகும். கார்புரேட்டர் கை நுழைய இடம் தராவிட்டால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரைத் தளர்த்திச் சற்று ஒதுக்கிக்கொள்ளலாம்.

பிளக்கைக் கழற்றுங்கள், கிராங்க் எளிதாகச் சுழலும். இடது பக்கம் மேக்னெட்டை, அதாவது கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் காந்தச் சக்கரத்தை, மூடியிருக்கும் கவரில் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்தால் ஒன்றின் வழியே கிராங்க் நட்டும், மற்றொன்றின் வழியே மேக்னெட்டில் பொறித்த குறிகளும் தெரியும். நட்டைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே வந்து ‘டி’ குறியைக் கவரில் உள்ள குறியோடு நேராக நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை அது. ஆனால் ஒரு சுழற்சியில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வரும், நமக்கு வேண்டியது கம்ப்ரஷன் முடியும் உச்சி. டேப்பெட் மூடிகளைத் திறந்து வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களை விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் சிறிதளவு ஆட்டத்தோடு தளர்வாக இருந்தால் சரியான உச்சியில் இருக்கிறீர்கள். ஏதேனும் ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். சில கடைகளில் நேரத்தை மிச்சப்படுத்த இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், அது அபாயம். வால்வு ஸ்பிரிங் கேமை அழுத்திக்கொண்டிருக்கும் நிலையில் டென்ஷனரைக் கழற்றினால், அந்த அழுத்தத்திலேயே கேம்ஷாஃப்ட் சட்டென்று திரும்பி, தொய்ந்த செயின் ஒரு பல் தாவிவிடலாம். தாவியது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் வண்டி இழுக்காது. இரண்டு மூன்று பல் தாவியிருந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். கம்ப்ரஷன் உச்சியில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் கேமின் மேல் எந்த அழுத்தமும் இல்லை, அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

மேல் மூடியைத் திறக்கும் வாய்ப்பு இருந்தால் இந்த நிலையில் கேம் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது கேம்ஷாஃப்டின் பற்சக்கரத்தின், குறியையும் பாருங்கள். புதிய செயினில் அந்தக் குறி ஹெட்டின் மேல்விளிம்போடு ஒரே கோட்டில் இருக்கும். தேய்ந்த செயின் நீளமாகிவிடுவதால் குறி சற்றுப் பின்தங்கி நிற்கும். செயின் நீள்வது இரும்பு இழுபட்டதால் அல்ல. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் புஷ்ஷும் சிறிதளவு தேய, எல்லாக் கண்ணிகளின் தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. குறி கண்ணுக்குத் தெரியும்படி பின்தங்கியிருந்தால் வால்வுகள் தாமதமாகத் திறந்து மூடுகின்றன. ஏற்றத்தில் குறைந்த வேகத்தில் வண்டி முன்போல் இழுக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது டென்ஷனரின் வால்பகுதியில் உள்ள சிறிய ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். உள்ளே தண்டின் நுனியில் ஒரு வெட்டு தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவரை அதில் நுழைத்து, எதையும் தளர்த்தும் முன், கடிகாரத் திசையில் மெதுவாகத் திருப்பித் திருப்பி விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரிகிறதா, விட்டதும் விறுவிறுவென்று திரும்புகிறதா என்பதைக் கவனியுங்கள். சோர்வாகத் திரும்பினாலோ பாதியில் நின்றாலோ டென்ஷனர் பழுதென்பது அந்த இடத்திலேயே உறுதியாகிவிடும். பிறகு முனை எத்தனை சுற்றில் முழுவதும் உள்ளே போகிறது என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். புதிய டென்ஷனரை வெளியே வைத்து அது முழுநீளத்துக்கும் எத்தனை சுற்று எடுக்கிறது என்பதை எண்ணி இரண்டையும் ஒப்பிடலாம். இந்தக் கணக்கைத்தான் தொடக்கத்தில் குறிப்பிட்டேன். முனை தன் முழுநீளத்தில் பாதிக்கும் குறைவாக வெளியே வந்திருந்து, ஸ்பிரிங்கோ மரையோ சோர்ந்திருந்தால், கோளாறு டென்ஷனரில் மட்டும்தான். அதை மாற்றினால் போதும் என்று சொன்னவர் சொன்னது சரி. முக்கால்வாசிக்கு மேல் வெளியே வந்திருந்தால் அந்த நீளத்தைத் தின்றது செயினும் பட்டையும். புதிய டென்ஷனரும் அதே அளவுக்கு நீண்டுதான் நிற்கும், மிச்சமிருக்கும் தூரம் விரைவில் தீர்ந்துவிடும். பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் இருந்தால் டென்ஷனரை மாற்றி ஓட்டலாம், ஆனால் அடுத்த பெரிய வேலையின்போது செயினையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். இந்த முக்கால் கணக்கு தயாரிப்பாளர் வகுத்த அளவன்று, என் மதிப்பீடு. கையேட்டில் உங்கள் வண்டிக்கென்று அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முனையை முழுவதும் உள்ளே இழுத்த நிலையில் பிடித்துக்கொண்டே இரண்டு போல்ட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுங்கள். இறுகிப்போன போல்ட்டுடன் மல்லுக்கட்ட வேண்டாம். துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துச் சிறிது நேரம் விட்டுவைத்துப் பிறகு முயலுங்கள். அலுமினியப் பிளாக்கில் மரை கிழிந்துவிட்டால் சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும். டென்ஷனர் வெளியே வந்ததும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். முனை அழுத்திய இடத்தில் பளபளப்பான தடம் இருப்பது இயல்பு. ஆழமான குழியோ விரிசலோ இருந்தால் பட்டையையும் மாற்ற வேண்டும். பார்த்து முடித்ததும் சுத்தமான துணியால் ஓட்டையை அடைத்துவிடுங்கள். டென்ஷனர் உள்ளே இல்லாத நேரத்தில் கிராங்க்கைத் திருப்பக் கூடாது, கிக்கரைத் தொடக் கூடாது, செல்ஃப் பட்டனை அழுத்தக் கூடாது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் சாவியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேக்கிங்கின் மிச்சத்தைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுங்கள், இரும்புக் கத்தி அலுமினியத்தில் கீறல் போடும். புதிய டென்ஷனரின் முனையை முழுவதும் உள்ளே இழுத்து, அந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். இதற்கென்று கம்பெனியில் ஒரு மெல்லிய தகடு தருவார்கள். தண்டின் வெட்டில் பொருந்தும்படி தகரத்தில் வெட்டி எடுத்த துண்டும் அதே வேலையைச் செய்யும். முனையை இப்படி உள்ளே நிறுத்திய நிலையில் டென்ஷனரைப் பொருத்தி, இரண்டு போல்ட்டுகளையும் கையால் முழுவதும் முடுக்கிய பிறகுதான் ஸ்பேனர் வைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இவை, 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கையில் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டை ஸ்பேனரால் இரண்டு விரல் பலத்தில் இறுக்கி நிறுத்திக்கொள்ளுங்கள். போல்ட்டுகள் இறுகிய பிறகே தகட்டை உருவ வேண்டும். முனை விடுபட்டுப் பட்டையில் போய் அமரும் சத்தம் கேட்கும். ஓ ரிங்கோடு வால் ஸ்க்ரூவைப் பூட்டுங்கள்.

முனை வெளியே நீண்ட நிலையிலேயே டென்ஷனரை ஓட்டையில் நுழைத்து, போல்ட்டை முடுக்கி முடுக்கியே உள்ளே இழுத்துவிடலாம் என்று ஒருபோதும் முயலாதீர்கள். முனை பின்வாங்காது என்பதுதான் அதன் வடிவமைப்பு. அப்போது போல்ட்டின் பலம் முழுவதும் பட்டைக்கும் செயினுக்கும் போகும். பட்டை வளையும், அல்லது டென்ஷனரின் காது உடையும், உடையாவிட்டால் செயின் வீணை நரம்புபோல் இறுகி கேம்ஷாஃப்டின் தாங்கிகளைத் தேய்க்கும்.

அடுத்து, பிளக்கைப் போடாமலே கிராங்க்கைக் கையால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இரண்டு முழுச் சுற்றுத் திருப்புங்கள். எந்தக் கடினமான தடையும் வரக் கூடாது. தடை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், வலுக்கட்டாயமாகத் திருப்பினால் வால்வு வளையும். இரண்டு சுற்று முடிந்ததும் ‘டி’ குறியும் ராக்கர்களின் தளர்வும் முன்போலவே அமைய வேண்டும். அமைந்தால் பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். முதல் சில நொடிகளில் லேசான சத்தம் வந்து அடங்குவது இயல்பு. ஐந்து நிமிடம் ஓடிய பின் அணைத்துவிட்டு, பேக்கிங்கின் ஓரத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

உங்கள் வண்டியின் டென்ஷனர் வேறு வகையாக இருந்தால் வேலை சற்று மாறும். பல்வெட்டிய முனையும் அதன் பின்னால் ஒரு சுருள் ஸ்பிரிங்கும் கொண்ட வகையில், நடு போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் முதலில் வெளியே எடுத்துவிட்டுத்தான் உடலைக் கழற்ற வேண்டும்; பூட்டும்போது முனையை முழுவதும் உள்ளே தள்ளி, உடலைப் பூட்டி முடித்து, கடைசியாக ஸ்பிரிங்கையும் நடு போல்ட்டையும் போட வேண்டும். 1985இல் வந்த சிடி 100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் ஆகியவற்றின் படுத்த 97.2 சிசி என்ஜினில் இப்படிப்பட்ட உறுப்பு பிளாக்கின் பின்னால் இருக்காது. என்ஜினின் அடியிலிருந்து ஒரு தள்ளுகம்பியும் ஸ்பிரிங்கும் உருளை பொருத்திய கையைத் தள்ளுகின்றன. அதில் தள்ளுகம்பியின் ரப்பர் தலை இறுகித் தேய்வதும் உருளைகள் தேய்வதும்தான் வழக்கமான கோளாறு. தள்ளுகம்பியை ஆயிலை வடித்துவிட்டு அடியிலிருந்தே மாற்றலாம், உருளைகளுக்கு மேலும் பிரிக்க வேண்டியிருக்கும்.

முக்கால்வாசிக்கு மேல் நீண்டிருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டைமிங் செயின் முடிவற்ற வளையம், இணைப்புக் கண்ணி கிடையாது. அதை எடுக்க மேக்னெட்டைப் புல்லர் எனும் இழுப்புக் கருவி போட்டு உருவ வேண்டும், மேலே கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்ற வேண்டும். செயின், அதன் இருபுறமும் உள்ள இரண்டு பட்டைகள், டென்ஷனர் ஆகியவற்றைச் சேர்த்தே மாற்றிவிடுவது முறை. இது கடையில் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் இதற்காகப் பிஸ்டன், போர், கிராங்க் எல்லாவற்றையும் தொட வேண்டியதில்லை. புகை இல்லை, ஆயில் குறையவில்லை, கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்றால் முழு என்ஜின் வேலை என்பதை ஏற்காதீர்கள். செயின் வேலையை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

சிலர் தானியங்கி டென்ஷனரை எடுத்துவிட்டு லேத்தில் கடைந்த போல்ட் வகை ஒன்றைப் போடச் சொல்வார்கள். பந்தயத்துக்கு ஓட்டி ஒவ்வொரு முறையும் என்ஜினைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அது பயன்படும். மலையில் தினசரி ஓட்டும் வண்டிக்கு நான் அதை விரும்புவதில்லை. முன்பு சொன்ன வெப்ப விரிவுதான் காரணம். குளிர்ந்த என்ஜினில் சத்தம் நிற்கும் அளவுக்கு முடுக்கினால் சூடானதும் செயின் அளவுக்கு மீறி இறுகும், சூடான நிலையில் சரியாக வைத்தால் மறுநாள் காலை மீண்டும் சத்தம் வரும். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கும் வழியும் இது போலத்தான். உங்கள் வண்டியின் டென்ஷனர் ஸ்பிரிங்கால் இயங்குவது, ஆயில் அழுத்தத்தால் அல்ல. கெட்டி ஆயில் சத்தத்தை மழுங்கடிக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. குளிர்காலையில் ஹெட்டுக்கு ஏறுவதற்கும் தாமதமாகும். கையேடு சொல்லும் தரத்திலேயே ஊற்றி, உரிய காலத்தில் மாற்றினால் செயினின் ஊசிகளும் புஷ்ஷுகளும் மெதுவாகத் தேயும்.

கடைசியாக, மலையில் வண்டி நிறுத்தும் பழக்கம் ஒன்றைப் பற்றி. சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு விடுவது நம் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் வண்டி மேட்டை நோக்கி நின்றால் அதன் எடை பின்சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது, கிராங்க்கைத் தலைகீழாகச் சுற்றப் பார்க்கிறது. அப்படிச் சுற்றினால் தொய்வான பக்கம் இழுக்கும் பக்கமாக மாறி, அந்தப் பாரம் டென்ஷனரின் மேல் விழுகிறது. நல்ல டென்ஷனர் தாங்கிக்கொள்ளும், தேய்ந்த டென்ஷனரும் நீண்ட செயினும் இருக்கும் வண்டியில் பல் தாவுவதற்கு வழியாகலாம். ஆகவே சத்தம் கேட்கத் தொடங்கிய நாள் முதல் வேலை முடியும் வரை, கியரில் நிறுத்துவதாக இருந்தால் முன்சக்கரம் பள்ளத்தை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போது எடை என்ஜினை அதன் இயல்பான திசையிலேயே தள்ளும். மேட்டை நோக்கித்தான் நிறுத்த முடியும் என்றால் நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வண்டியைக் கியரில் வைத்துப் பின்னோக்கி உருட்டாதீர்கள்.